களையும் கொதிநீரும்

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் தானாக முளைத்துவிட்ட பவள உறவினம் ஒன்றை ஒழிக்க, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒருவர் மிக எளிய வழியைத் தேர்ந்தார். பாறையின்மேல் கொதிநீரை ஊற்றினார். எழுந்த ஆவியைச் சுவாசித்தவருக்குச் சற்று நேரத்தில் மூக்கொழுகத் தொடங்கியது, இருமல் வந்தது, பின்பு மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் சேர்ந்தன. 2011இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று இந்நிகழ்வைப் பதிவுசெய்துள்ளது. அந்தப் பாறையில் வளர்ந்திருந்தவை ஜோவாந்திட் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் உடலில் இருந்தது பாலிடாக்சின் என்னும் நஞ்சு. ஹவாய்க் கடலின் பாலித்தோவா உயிரியிலிருந்து 1971இல் பிரித்தெடுக்கப்பட்ட இந்நஞ்சு, புரதமல்லாத இயற்கை நஞ்சுகளுள் மிகக் கொடியவற்றில் ஒன்றாகக் கருதப்படுகிறது. கொதிநீர் அதைச் சிதைப்பதில்லை. ஆவியோடு கலந்து காற்றில் ஏற மட்டுமே உதவுகிறது.

ஆய்வாளர்கள் மீன்வளர்ப்புக் கடைகளில் வாங்கிச் சோதித்த மாதிரிகளில் சில மிகுந்த நஞ்சுடையவை. வேறு சிலவற்றில் நஞ்சே இல்லை. வெறுங்கண்ணால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. 2012 முதல் 2014 வரை அலாஸ்காவின் கடைகளிலும் வீடுகளிலும் நேர்ந்த இத்தகைய பாதிப்புகளைப் பற்றி அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமும் 2015இல் அறிக்கை வெளியிட்டது. ஆகவே கொதிநீர்க் கதை ஒரு தனிமனிதரின் அசட்டுத்தனம் அன்று. வேண்டாத ஒன்றைக் கண்டவுடன் கை எதை நோக்கிப் போகிறது என்பதற்கான சான்று அது. கையை அங்கே கொண்டுபோவதில் அவ்வுயிரியை அழைக்கும் சொல்லுக்கும் பங்குண்டு.

இந்தியாவில் பவளத் தொட்டி வளர்ப்போர் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் புனேயிலும்கூட இருக்கிறார்கள். கடற்கரை இல்லாத ஊர்களில் கடலைக் கண்ணாடிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். கன்னடம் பேசினாலும் இந்தி பேசினாலும் தமிழ் பேசினாலும், வாங்கிய பவளத்துண்டோடு சேர்ந்து வந்துவிட்ட பிற உயிர்களுக்கு இவர்கள் வழங்கும் பெயர் ஒன்றே: ஹிட்ச்ஹைக்கர். சாலையோரம் நின்று கட்டைவிரலை உயர்த்திப் போகிற வண்டியில் காசின்றி ஏறிக்கொள்பவர். தமிழில் 'ஓசிப் பயணி' என்று சொல்லிச் சிரித்துக்கொள்வோரும் உண்டு.

பெயர் பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் இலக்கணம் பிழை. பாறையில் அடியை ஊன்றி வாழும் பாலிப்புக்குக் கட்டைவிரலும் இல்லை, போக வேண்டிய ஊரும் இல்லை. யாரோ கடலடியிலோ பண்ணையிலோ ஒரு பாறைத்துண்டை உடைத்தார், யாரோ பையில் அடைத்தார், விமானத்தில் ஏற்றினார், கடையில் விலை வைத்தார், ஒருவர் வாங்கினார். இத்தனை வினைகளிலும் அந்த உயிரி செயப்படுபொருளாகவே இருக்கிறது. பெயர் சூட்டப்படும் இடத்தில்தான் அது திடீரென எழுவாயாகி நிற்கிறது: 'வந்துவிட்டது', 'புகுந்துவிட்டது', 'பிடித்துவிட்டது'. அறிவியல் நடையில் 'கொண்டுவரப்பட்டது' என்பார்கள். அது உண்மைக்குச் சற்று நெருங்கினாலும், கொண்டுவந்தவர் யார் என்பதைச் செயப்பாட்டுவினை மறைத்துவிடுகிறது. உரிமக் கட்டணம், சரக்குக் கட்டணம், கடை இலாபம் எல்லாவற்றையும் பணமாகப் பார்த்த கைகள் வாக்கியத்திலிருந்து விலகிவிட, குற்றவாளிக் கூண்டில் நிற்பது அரை அங்குலப் பாலிப்.

தமிழ் உழவரிடம் இதைவிட நேர்மையான சொல் இருக்கிறது: களை. வயலில் நிற்கும் தேவையற்ற செடிக்கும் அதை நீக்கும் வினைக்கும் அதே வடிவம். செடி எங்கிருந்து வந்தது, யாருடைய இனம், நல்லதா கெட்டதா என்று அச்சொல் எதுவும் சொல்வதில்லை. இங்கே, இந்தப் பயிருக்கு நடுவே, இது நீக்கப்பட வேண்டியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஒரு வயலின் களை இன்னொரு வயலில் கீரை என்பதைக் களையெடுக்கும் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மடியில் கட்டிக்கொண்டு போய் அன்றிரவு கடைந்துவிடுவார்கள்.

பவளத் தொட்டிக்கு இது அப்படியே பொருந்தும். பச்சை நட்சத்திரப் பாலிப் என்றழைக்கப்படும் மென்பவளத்தைக் காசு கொடுத்து வாங்கித் தொட்டியின் பின்சுவரில் புல்வெளிபோலப் படரவிடுவோர் உண்டு. அதே உயிரி ஊதாநிற விரிப்பாக நகர்ந்து விலையுயர்ந்த கல்பவளத்தின் அடியைத் தொட்டுவிட்டால் அதற்குப் பெயர் கொள்ளை நோய். துடிக்கும் ஜீனியா முதல் மாதத்தில் விருந்தினரை அழைத்துக் காட்டும் அதிசயம். ஆறாம் மாதத்தில் வாளி வாளியாக அள்ளிக் கொடுத்தாலும் பெற்றுக்கொள்ள ஆளில்லை. ஐப்டேசியா என்னும் சிறு கண்ணாடிக் கடற்சாமந்தியின் கதை இன்னும் விசித்திரமானது. உலகெங்கும் தொட்டி வளர்ப்போரால் மிகுதியாக வெறுக்கப்படும் இவ்வுயிரியை ஆய்வுக்கூடங்களில் ஊட்டி வளர்க்கிறார்கள். பவளங்களுக்கும் அவற்றுள் வாழும் நுண்பாசிகளுக்குமான கூட்டுவாழ்வு எப்படி உருவாகிறது, கடல் வெப்பமுறும்போது ஏன் முறிகிறது என்பதை ஆராய இதைவிட வசதியான மாதிரி உயிரி அரிது. 2015இல் இதன் மரபணுத்தொகை முழுமையாக வெளியிடப்பட்டது. ஆய்வகத்தில் இதை விரும்பத்தக்கதாக்கும் பண்பும் வீட்டில் வெறுக்கத்தக்கதாக்கும் பண்பும் ஒன்றேதான்: எளிதில் சாகாது, விரைவில் பெருகும்.

பெருகும் முறையைப் புரிந்துகொண்டால், பகைவனை அடித்து நொறுக்கும் மனநிலை ஏன் இங்கே தோற்கிறது என்பதும் விளங்கும். ஐப்டேசியாவின் அடித்தட்டிலிருந்து பிய்ந்து ஒட்டிக்கொண்ட சிறு திசுத்துணுக்கு ஒன்று போதும், முழு உயிரியாக வளர. இடுக்கியால் பிடித்து இழுத்தால் மேலுடல் கையோடு வரும். பாறைப் பிளவுக்குள் நாலைந்து துணுக்குகள் தங்கிவிடும். கோபத்தோடு சுரண்டியவரின் தொட்டியில் ஒன்று இருந்த இடத்தில் சில வாரங்களில் பத்து நிற்கும். பச்சை நட்சத்திரப் பாலிப்பும் அப்படியே. விரிப்பைக் கிழித்து அகற்றும்போது நீரோட்டத்தில் மிதந்த கிழிசல் போய் ஒட்டிய இடத்தில் புதிய விரிப்பு. கோரையைக் கிழங்கோடு எடுக்காமல் மேலே மட்டும் அறுத்தவருக்குத் தெரியும் இந்த அலுப்பு.

பலன் தருபவை அனைத்தும் மெதுவானவை. படரும் இனத்தை முதலிலேயே மணல்பரப்பில் தனிப்பாறையில் தீவாக வைத்தல். பாதிக்கப்பட்ட பாறையை நீருக்கு வெளியே எடுத்து, விரிப்பை உளியால் பாறையின் மேற்படலத்தோடு பெயர்த்தல். ஜோவாந்திட் இருக்கலாம் என்று ஐயம் தோன்றினால் இந்த உளி வேலையும் கூடாது. நஞ்சு கண்ணிலும் கைப்புண்ணிலும் தெறிக்கும். ஒன்றிரண்டு பாலிப்புகள் மட்டும் என்றால் பசையால் மேலே மூடி ஒளியையும் உணவையும் மறித்தல். ஐப்டேசியாவுக்கு உலகெங்கும் பரிந்துரைக்கப்படும் மருந்துக்கு ஜெர்மன் மொழியில் ஒரு பெயர், அதற்கென்று அழகிய குப்பி, அதற்கேற்ற விலை. உள்ளே இருப்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் வேதிப்பெயரும் அதுதான். (தாத்தாவின் சுண்ணாம்பு டப்பியைத் தொட்டிக்குள் கவிழ்க்கலாம் என்பது இதன் பொருளன்று, கடைச் சுண்ணாம்பில் கலந்திருப்பவை வேறு.) தூய சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்து, நீரோட்ட எந்திரங்களை நிறுத்தி, ஊசிக்குழாயால் அதன் வாய்மேல் மெல்ல விட வேண்டும். ஒரு நாளைக்கு நாலைந்துக்கு மேல் கூடாது. ஒரே நாளில் ஐம்பதையும் ஒழிக்கப் புறப்பட்டால் நீரின் காரத்தன்மை எகிறி, காப்பாற்ற நினைத்த பவளங்களே முதலில் வாடும்.

உயிரை உயிரால் கட்டுப்படுத்தும் வழியும் இருக்கிறது. பெப்பர்மின்ட் இறால்களுள் சில இனங்கள் ஐப்டேசியாவைத் தின்னும். தின்னாமலும் இருக்கும், அவற்றின் விருப்பம். பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல்நத்தையின் நிலை வேறு. அதற்கு ஐப்டேசியாவைத் தவிர வேறு உணவே இல்லை.

இதுவரை சொன்னது தொட்டிக்குள். உண்மையான சிக்கல் தொட்டிக்கு வெளியே தொடங்குகிறது: பெயர்த்தெடுத்ததை என்ன செய்வது?

கொதிநீர் ஊற்றும் கையைவிட ஆபத்தான கை ஒன்று உண்டு. அது இரக்கமுள்ள கை. 'பாவம், உயிரோடு இருக்கிறதே, கடலில் வாழ வேண்டியதைக் கடலிலேயே விட்டுவிடலாம்' என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகும் கை. கோயில் குளத்தில் மீன் விடுவதை அறமாகக் கருதும் நாட்டில் இதைத் தவறென்று சொல்வது எளிதன்று. ஆனால் சொல்லியே ஆக வேண்டும். வெனிசுவேலாவின் மொச்சிமா தேசியப் பூங்காவை ஒட்டிய கடலில், இந்திய-பசிபிக் பகுதிக்குரிய துடிக்கும் மென்பவள இனமான உனோமியா ஸ்டோலோனிஃபெரா இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நுழைந்தது. அலங்காரத் தொட்டி வணிகமே அதற்கு வாயிலாக இருந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இன்று அங்கே பாறைகளையும் கடற்புல் திட்டுகளையும் உள்ளூர்ப் பவளங்களையும் ஒரே சாம்பல்நிற விரிப்பாக அது மூடிக்கிடக்கிறது. மீன்பிடித்து வாழ்வோரின் கடல் அது; அவர்களில் யாரும் தொட்டி வைத்திருக்கவில்லை.

பவளமல்லாத ஓர் எடுத்துக்காட்டும் இங்கே தேவை. காலெர்பா டாக்சிஃபோலியா என்னும் பச்சைக் கடற்பாசி மீன்காட்சியகங்களில் அழகுக்காக வளர்க்கப்பட்டது. 1984இல் மொனாக்கோ கடலாராய்ச்சி அருங்காட்சியகத்தின் அடியில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் அளவில் அது காணப்பட்டது. அப்போதே பிடுங்கியிருந்தால் ஒருவரின் அரைநாள் வேலை. பிடுங்கவில்லை, மத்தியதரைக் கடலின் வடகரையில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் பரப்புக்கு அது பரவியது. 2000இல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் அருகே ஒரு கடற்கழியில் அதே பாசி கண்டறியப்பட்டபோது அங்கிருந்தோர் காத்திருக்கவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். முற்றிலும் ஒழிந்தது என்று 2006இல் அறிவிக்கும்வரை பல இலட்சம் டாலர் செலவாயிற்று. கவனம் பிழைக்காமல் செய்த களையெடுப்புக்கே அவ்வளவு.

இந்தியச் சட்டத்தின் பார்வை வேறு திசையிலிருந்து வருகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல்பவளங்கள், கரும்பவளங்கள், நெருப்புப் பவளங்கள், கடல்விசிறிகள், குழாய்ப்பவளம் ஆகியவை சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து இவற்றை எடுப்பது புலியைத் தொடுவதற்கு ஒப்பான குற்றம். கடலிலிருந்து வெளியே போவதைத் தடுக்க எழுந்த மதில் இது. கடலுக்குள் போவதைப் பற்றிய சிந்தனை பிந்தி வந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம்தான் ஆக்கிரமிப்பு அயல் உயிரினங்களின் இறக்குமதி, வணிகம், கைவசம் வைத்திருத்தல், பெருக்கம் ஆகியவற்றை நெறிப்படுத்தும் அதிகாரத்தை 62அ பிரிவின் வழியே நடுவண் அரசுக்குத் தந்தது. நல்ல தொடக்கம். ஆனால் சட்டம் பெயரறிந்த இனங்களைப் பற்றியே பேச முடியும். பில்லில் எழுதப்பட்ட பவளத்தின் பெயருக்குக் கீழே, அது ஒட்டப்பட்டிருக்கும் நாணய அளவுச் சிமெண்டு வில்லையின் அடிப்புறத்தில், எழுதப்படாமல் பயணிப்பவைதான் இங்கே பேசப்படுபவை. கொளத்தூர்ச் சந்தையிலோ குர்லாவிலோ எந்த அதிகாரி வில்லையைத் திருப்பிப் பார்ப்பார்?

சட்டம் வழங்கும் 'அயல்' என்ற அடைமொழியையும் சற்று நிறுத்தி வாசிக்க வேண்டும். கரிஜோவா ரீசே என்னும் பனித்துகள் பவளத்தின் வரலாறு இதற்கு உதவும். 1860இல் கரீபியக் கடலின் மாதிரியைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார்கள். பெயர் அங்கே பிறந்ததால் உயிரியும் அங்கே பிறந்தது என்று கொள்ளப்பட்டது. 1972இல் ஹவாயின் பேர்ள் துறைமுகத்தில் அது காணப்பட்டபோது கரீபியத்திலிருந்து வந்த படையெடுப்பாளர் என்றார்கள். 2001இல் அங்குள்ள ஆழ்கடல் கரும்பவளங்களை அது மூடிக் கொன்றுகொண்டிருப்பது தெரிந்தபோது அச்சம் கூடியது. மன்னார் வளைகுடா, அந்தமான், கோவா என இந்தியக் கடற்பகுதிகளில் பதிவானபோதும் அதே அடைமொழி உடன்வந்தது. பிந்தைய மரபணு ஆய்வுகளோ அதன் தாயகம் இந்திய-பசிபிக் பகுதியே என்றும், அயலாகப் போய்ச் சேர்ந்த இடம் கரீபியமாகவே இருக்கக்கூடும் என்றும் சுட்டின. முதலில் பெயர் சூட்டிய ஊரைப் பிறந்த ஊராக எண்ணிய பிழை அது. சொற்பிறப்பியல் படித்தவர்களுக்குப் பழகிய பிழை. ஒரு சொல் முதலில் பதிவான மொழியே அதன் தாய்மொழி என்று எத்தனை முறை முடிவு கட்டியிருக்கிறார்கள்.

இதனால் பனித்துகள் பவளம் தீங்கற்றது என்று ஆகிவிடாது. ஹவாயில் கரும்பவளம் செத்தது உண்மை. எங்கிருந்து வந்தது என்ற கேள்வியின் விடை மாறிய பின்னும், என்ன செய்கிறது என்ற கேள்வியின் விடை மாறவில்லை. நீக்குவதற்குரிய அளவுகோல் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் ஊடுருவல், படையெடுப்பு, அந்நியம் என்று எல்லைக்காவல் சொற்கள் வரிசையாக வருகின்றன. அச்சொற்கள் உயிரியலோடு நிற்பவை அல்ல. மனிதர்களைக் குறித்தும் அவை இந்நாட்டில் எவ்வளவு எளிதாக எடுத்தாளப்படுகின்றன என்பதை நினைவூட்டத் தேவையில்லை. கப்பலேறி வந்த போர்த்துக்கீசியச் சாவியும் சன்னலும் மேசையும் தமிழ் வீட்டில் எதையும் மூடிக் கொல்லவில்லை. வந்தவை என்பதாலேயே அவற்றைப் பெயர்த்தெடுக்க முனைவோரும், தொட்டியில் முளைத்த எதையும் உடனே கொதிநீரில் நனைப்போரும் ஒரே அவசரத்தின் இரு முகங்கள்.

கவனம் வேண்டிய இடம் வீட்டுத் தொட்டி மட்டுமன்று. கடல் உயிரியல் துறைகள், கடலோரக் கல்லூரிகள், காட்சியகங்கள் எனத் தொட்டி வைத்திருக்கும் நிறுவனங்கள் பல. முனைவர் பட்டத் திட்டம் முடிகிறது, நிதி நிற்கிறது, தொட்டியைக் காலிசெய்ய வேண்டியவர் பெரும்பாலும் அடுத்த ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் மாணவர். உயிரியல் கழிவுக்கான நெறிமுறை நோய்க்கிருமிகளையும் இரசாயனங்களையும் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். வாளியில் இருக்கும் பாறையைப் பற்றி அதில் ஒரு வரியேனும் உண்டா என்று அந்தந்தத் துறையினர் எடுத்துப் பார்க்கலாம். கடலிலிருந்து முந்நூறு கல் தள்ளியிருக்கும் நகரில் சாக்கடையில் போன பாலிப் நன்னீர் பட்டே செத்துவிடும் என்பது உண்மைதான். சென்னை, கொச்சி, விசாகப்பட்டினம், மும்பை ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. பாறையை அன்பளிப்பாகப் பெற்ற அடுத்தவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதும் கொடுத்தவர் கையில் இல்லை.

செய்ய வேண்டியது கடினமானதன்று. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமான இடத்தில், பெயர்த்தவற்றை மூடியுள்ள வாளியில் சலவை பிளீச்சிங் கரைசலுக்குள் ஒருநாள் ஊறவைத்து, கட்டிக் குப்பையில் இடுவது. பாலிடாக்சினைச் செயலிழக்கச் செய்வதும் பிளீச்சிங் கரைசல்தான். ஜோவாந்திட் இருக்கும் பாறையைக் காயவைத்துச் சுரண்டுவதும், பிரஷ்ஷால் தேய்ப்பதும், வெந்நீரில் போடுவதும் கூடாது. உலர்ந்தபின்னும் நஞ்சு நஞ்சே. முன்னதாகச் செய்ய வேண்டியது இன்னும் எளிது: புதிய பவளத்தை வாங்கியவுடன் சிமெண்டு வில்லையிலிருந்து பெயர்த்து வில்லையை வீட்டுக்குள்ளேயே விடாதிருத்தல், தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்து இரவில் கைவிளக்கால் பார்த்தல். கடைக்காரரும் இதைச் செய்யலாம். செய்பவர் விலையைக் கூட்டினால் கொடுக்கலாம்; அந்தப் பணம்தான் 'ஓசி' என்று சொல்லிக்கொண்டிருந்த பயணத்தின் உண்மையான கட்டணம்.

ஒட்டிவந்தவற்றுள் எல்லாம் களையல்ல என்பதையும் இந்தக் காத்திருப்பு காட்டித்தரும். வில்லையின் விளிம்பில் தெரிந்த பழுப்புப் புள்ளி மூன்று மாதத்தில் யாரும் பெயர் சொல்ல முடியாத ஒரு கல்பவளமாக விரிந்து, அங்கேயே அடக்கமாக இருந்துவிட்ட தொட்டிகளும் உண்டு.

பெர்கியா நத்தையிடம் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. அது தொட்டியின் கடைசி ஐப்டேசியாவைத் தின்று முடிக்கும் நாளில் வளர்ப்பவர் மகிழ்வார். நத்தைக்குப் பட்டினி தொடங்கும். வேறெதையும் அது தொடாது. ஆகவே ஊரில் இன்னொரு தொட்டியில் ஐப்டேசியா முளைத்திருக்கிறதா என்று கேட்டு, சிறு குப்பியில் நீரோடு அதை எடுத்துப்போய், மாலை விளக்கணைந்தபின் அங்கே விட்டுவர வேண்டும்.